வால்யூம் ஏற ஏறத் தேய்ந்த பேஸ்: கம்பெனி ஸ்டீரியோவில் சப்வூஃபர் இணைத்த ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

வண்டி நான்கு ஆண்டு ஓடிய பெட்ரோல் ஹாட்ச்பேக். டாஷ்போர்டில் இருப்பது தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த 7 அங்குலத் தொடுதிரை ஸ்டீரியோ. ரிவர்ஸ் கேமராவும் ஸ்டீயரிங் பட்டன்களும் அதோடு பிணைந்திருப்பதால், அதைக் கழற்றிவிட்டு வேறொன்று வைக்க உரிமையாளருக்கு மனமில்லை. கம்பெனி செட் இருந்தபடியே இருக்கட்டும், டிக்கியில் பேஸ் எனும் தாழ் ஒலிகளுக்கான ஒரு 10 அங்குல சப்வூஃபர் பெட்டியும் அதை ஓட்ட 300 வாட் மோனோ ஆம்ப்ளிஃபயரும் போதும் என்று ஒரு கடையில் கேட்டிருக்கிறார். ஒரே மாலையில் வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இது: "அண்ணே, சத்தம் குறைவாக வைத்தால் நன்றாக இருக்கிறது. பைபாஸில் ஏறிக் கொஞ்சம் கூட்டினால் பேஸ் எங்கோ போய்விடுகிறது. இன்ஜின் வேகம் எடுக்க எடுக்க டிக்கிக்குள் கொசு கத்துகிறது." சாவியைத் திருப்பியதும் 'தொம்' என்று ஒரு அடி விழுவதையும் சேர்த்துக்கொண்டார். கடையில் கேட்டதற்கு, ஆம்ப்ளிஃபயர் சிறியது, பெரியதாக மாற்றினால் சரியாகிவிடும் என்றார்களாம். வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"தம்பி, ஒரு ரூபாயும் இப்போது செலவு செய்ய வேண்டாம். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள்" என்றேன். இந்த மூன்று குறைகளில் எதற்கும் ஆம்ப்ளிஃபயரின் அளவோடு தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்பது கேட்டவுடனே தெரிந்தது. சப்வூஃபரின் இரண்டு 4 ஓம் காயில்களையும் இணையாக இணைத்திருந்தார்கள், மல்டிமீட்டர் 1.8 ஓம் காட்டியது. 2 ஓமில் 300 வாட் தரும் ஆம்ப்ளிஃபயருக்கு அது பொருத்தமான இணைப்புதான். பெட்டியிலும் காற்றுக் கசிவில்லை. ஆக, வாங்கிய சாமான்கள் நல்ல சாமான்கள்.

பானெட்டைத் திறந்தபோது

ஒலியைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தைப் பார்ப்பது என் வழக்கம். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து புறப்பட்ட சிவப்பு வயர், இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலான தகட்டில் புதிதாகத் துளைத்த ஓட்டை வழியாக உள்ளே போனது. ஓட்டையின் விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையமான குரோமெட் இல்லை. இன்சுலேஷன் டேப்பை நான்கைந்து சுற்று சுற்றிவிட்டிருந்தார்கள். டேப் வெயிலில் இளகி வழிந்து, அதன் அடியில் தகட்டின் விளிம்பு வயரின் மேலுறையைப் பாதிவரை அறுத்திருந்தது. அறுந்த இடத்தை விரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு நிறம். ஒரு இழையை நகத்தால் சுரண்டினால் வெள்ளி நிறம். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் அது.

ஃபியூஸ் எங்கே என்று தேடினேன். டிக்கியில், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் அழகாகக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே இருந்து அதற்கு வேலையே இல்லை. ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற அதன் உடம்பிலேயே ஒரு ஃபியூஸ் உண்டு. பேட்டரி பக்கம் போடும் ஃபியூஸ் வயரைக் காப்பாற்றுவதற்கு. தகட்டின் விளிம்பு மேலுறையை முழுதாக அறுத்து உலோகத்தைத் தொட்டிருந்தால், பேட்டரியிலிருந்து அந்தப் புள்ளிவரை நூற்றுக்கணக்கான ஆம்பியர் தடையின்றிப் பாய்ந்திருக்கும். நான்கரை மீட்டர் தள்ளி டிக்கியில் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. வயர் பழுத்துப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் பற்றவைத்திருக்கும். பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். உரிமையாளரை அழைத்து அந்த இடத்தைக் காட்டினேன். பேஸ் பற்றிய பேச்சு சற்று நேரம் நின்றது.

வயரின் தடிமனிலும் ஒரு ஏமாற்று. மேலே '4 கேஜ்' என்று அச்சிட்டிருந்தது. உண்மையான 4 கேஜ் வயரில் உலோகத்தின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 21 சதுர மில்லிமீட்டர். இதில் மேலுறைதான் தடிமன். உள்ளே 6 சதுர மில்லிமீட்டர் அளவுக்கு மேல் தேறவில்லை. வீட்டு வயரிங்கில் பழகிய சிலர் '4 கேஜ்' என்பதை 4 சதுர மில்லிமீட்டர் என்று நினைத்து வாங்குவதும் உண்டு. இரண்டுக்கும் ஐந்து மடங்கு வித்தியாசம். அலுமினியம் வேறு என்பதால் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடுகிறது. 300 வாட் வெளியே வர, 80 சதவீதத் திறன் கொண்ட டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர் 375 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது சுமார் 27 ஆம்பியர். அந்த மின்னோட்டத்துக்கு இந்த வயர் அரை வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும்.

அளந்தும் பார்த்தேன். இன்ஜினை ஓடவிட்டு ஆம்ப்ளிஃபயருக்கு முழு வேலை கொடுத்தபோது பேட்டரியில் 13.9 வோல்ட், ஆம்ப்ளிஃபயர் முனையில் 12.9. ஒரு வோல்ட் வழியில் காணாமல் போகிறது. அதில் பாதிக்குச் சற்று மேல் சிவப்பு வயரில். மீதி 0.42 வோல்ட், மின்சாரம் வண்டியின் பாடி வழியாகத் திரும்பும் எர்த் பக்கத்தில்.

எர்த் வயரைப் பின்சீட் பெல்ட்டின் போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். இது இரண்டு விதத்தில் தவறு. சீட் பெல்ட் போல்ட் உயிரைப் பிடித்து நிறுத்தும் போல்ட். குறிப்பிட்ட இறுக்கத்தில் இருக்க வேண்டியது. அதற்கு அடியில் லக்கை, அதாவது வயர் முனையின் உலோக வளையத்தை, செருகக் கூடாது. அடுத்தது, லக்கின் அடியில் வண்டியின் பெயின்ட் அப்படியே இருந்தது. மின்சாரம் போல்ட்டின் மரைகள் வழியாகத்தான் தட்டுத்தடுமாறி பாடிக்குள் போய்க்கொண்டிருந்தது.

செட் என்ன அனுப்புகிறது?

இனிதான் உண்மையான விஷயம். தொடுதிரை செட்டின் பின்பக்கம், ஆம்ப்ளிஃபயருக்கு நேராகச் சிறிய சிக்னல் தரும் ஆர்சிஏ அவுட்புட் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் வயர்கள் மட்டுமே உண்டு. அதிலிருந்து சிக்னல் எடுத்து, ஆம்ப்ளிஃபயர் கேட்கும் சிறிய அளவுக்குக் குறைத்துத் தருவதற்குக் கடையில் ஒரு ஹை-லோ கன்வர்ட்டரைப் போட்டிருந்தார்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய பெட்டி.

கன்வர்ட்டரை ஒதுக்கிவிட்டு, பின்கதவு ஸ்பீக்கர் வயரிலேயே மல்டிமீட்டரை வைத்தேன். யுஎஸ்பி டிரைவில் 50 ஹெர்ட்ஸ், 200 ஹெர்ட்ஸ் என இரண்டு சோதனை ஒலிகள், இரண்டும் ஒரே அளவில் பதிவானவை. செட்டில் பேஸ், ட்ரெபிள் இரண்டும் நடுவில். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவு சில நூறு ஹெர்ட்ஸ்வரை நம்பத்தக்கது. அதற்கு மேல் விலை குறைந்த மீட்டர்கள் தப்பாகக் காட்டும் என்பதால் 1000 ஹெர்ட்ஸைத் தொடவில்லை.

வால்யூம் 12 இல் 50 ஹெர்ட்ஸுக்கு 1.0 வோல்ட், 200 ஹெர்ட்ஸுக்கு 0.7 வோல்ட். அதாவது செட் தானாகவே பேஸைச் சுமார் 3 டெசிபல் தூக்கிக் கொடுக்கிறது. வால்யூம் 24 இல் 200 ஹெர்ட்ஸ் 4.4 வோல்ட்டுக்கு ஏறிவிட்டது. 50 ஹெர்ட்ஸ் 2.1 வோல்ட்டில் நின்றுவிட்டது. இப்போது பேஸ் 6 டெசிபலுக்கு மேல் கீழே. இரண்டுக்கும் இடையில் ஒன்பது டெசிபலைத் தாண்டிய சரிவு. பைபாஸில் பேஸ் 'எங்கோ போய்விடுகிறது' என்றாரே, போன இடம் இதுதான்.

செட்டைக் குறை சொல்லவும் முடியாது. கதவுக்குள் இருப்பது காகிதக் கூம்பு ஸ்பீக்கர். முழு வால்யூமில் 50 ஹெர்ட்ஸை அப்படியே அனுப்பினால் கூம்பு கிழியும், வாடிக்கையாளர் சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்பார். அதனால் சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸைத் தூக்கியும், கூட்டும்போது வெட்டியும் விடுகிற கணக்கை உற்பத்தியாளரே செட்டுக்குள் எழுதிவைத்திருக்கிறார். கதவு ஸ்பீக்கருக்கு அது நியாயம். டிக்கியில் இருக்கும் சப்வூஃபருக்கு அதே வெட்டிய சிக்னல்தான் கிடைக்கிறது. இல்லாத பேஸை எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயராலும் உண்டாக்க முடியாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரின் திருகுகளைப் பார்த்தால் கடைக்காரர் பட்ட பாடு அப்படியே தெரிந்தது. பேஸ் வரவில்லை என்று, உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் கெயின் திருகைக் கடைசிவரை திருகியிருக்கிறார். போதவில்லை என்று பேஸ் பூஸ்டை 12 டெசிபலுக்கு வைத்திருக்கிறார். 12 டெசிபல் என்றால் மின்னழுத்தத்தில் நான்கு மடங்கு, திறனில் பதினாறு மடங்கு. அப்படியும் சத்தம் குறைவாகத் தோன்ற, மேல் ஒலிகளைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டரை அணைத்து 'ஃபுல்' நிலையில் விட்டிருக்கிறார். அந்தக் கொசு உள்ளே நுழைந்த வழி அதுதான்.

கொசு

இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் இன்ஜின் சுழற்சியோடு ஏறி இறங்கும். சாலை வேகத்தில் அது சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். 80 ஹெர்ட்ஸில் ஃபில்டர் வைத்த சப்வூஃபரில் அது கேட்கவே கூடாது. ஆகவே ஃபில்டரைப் போட்டவுடன் சத்தம் நின்றுவிடும், வண்டியைக் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் காரணம் உள்ளேயே இருக்கும். நாளை உரிமையாளர் கதவு ஸ்பீக்கருக்கும் ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டால் அதே கொசு அங்கே கத்தும். எனவே தேடி முடிக்கும்வரை ஃபில்டரை 'ஃபுல்' நிலையிலேயே வைத்திருந்தேன்.

ஆர்சிஏ வயரைக் கழற்றியதும் சத்தம் நின்றது. அப்படியானால் இரைச்சல் பவர் வயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் வரவில்லை, சிக்னல் வழியாகத்தான் வருகிறது. அதே இடத்தில் சார்ஜரில் மாட்டாத ஒரு செல்போனை இணைத்துப் பாட்டுப் போட்டேன். இன்ஜினை எவ்வளவு முடுக்கினாலும் கொசு இல்லை. செல்போனுக்கு வண்டியின் பாடியோடு தொடர்பு கிடையாது. செட்டுக்கும் கன்வர்ட்டருக்கும் உண்டு. கன்வர்ட்டரின் கறுப்பு வயர் டாஷ்போர்டுக்குள் ஒரு எர்த்தில், ஆம்ப்ளிஃபயர் டிக்கியில் வேறொரு எர்த்தில். இரண்டு எர்த்துகளுக்கும் இடையிலிருந்த மின்னழுத்த வித்தியாசம் ஆர்சிஏ வயரின் உறை வழியாகச் சமன்செய்து கொள்ளப் பார்க்கிறது. அதில் ஆல்டர்னேட்டரின் அதிர்வும் ஏறிக்கொள்கிறது.

இந்த இரைச்சல் வந்தாலே 'பவர் வயரையும் ஆர்சிஏ வயரையும் ஒரே பக்கம் ஓட்டிவிட்டார்கள்' என்பதுதான் நம் ஊரில் முதல் தீர்ப்பு. பிரித்து ஓட்டுவது நல்ல பழக்கம்தான், நானும் பிரித்துத்தான் ஓட்டுவேன். ஆனால் கம்பளத்தையெல்லாம் பிய்த்து வயரை மாற்றிப் போட்ட பிறகும் கொசு கத்தும் வண்டிகளே அதிகம். எர்த்தை முதலில் அளந்தால் அந்த உழைப்பு மிச்சம்.

சாவி திருப்பும்போது விழும் அடிக்கு விளக்கம் சுருக்கமானது. செட்டில் ஆம்ப்ளிஃபயரை இயக்கும் ரிமோட் வயர் இல்லாததால் சிகரெட் லைட்டர் வயரிலிருந்து எடுத்திருந்தார்கள். சாவியைத் திருப்பியதும் ஆம்ப்ளிஃபயர் விழித்துவிடுகிறது. செட் அதற்குப் பிறகுதான் மெதுவாகத் துவங்குகிறது. துவங்கும்போது அது எழுப்பும் மின் துடிப்பு முழுக் கெயினில் வெளியே வருகிறது.

மாற்றியவை

பவர் வயரை முழுதாக அகற்றினேன். புதிதாகப் போட்டது 8 கேஜ் முழுச் செம்பு வயர். 27 ஆம்பியருக்கு நான்கரை மீட்டரில் கால் வோல்ட்தான் இழப்பு என்று கணக்கு வருகிறது. இதற்கு மேல் தடிமனாக வாங்குவது ஆசைக்கு வாங்குவது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 40 ஆம்பியர் ஃபியூஸ். தகட்டில் ஏற்கெனவே வயர்க் கட்டு ஒன்று நுழையும் பெரிய குரோமெட் இருந்தது. அதன் ஓரத்தில் வழி கிடைத்தது. கடையில் துளைத்த ஓட்டையைத் துருத் தடுப்பு பூசி அடைத்தாயிற்று.

எர்த்துக்கு டிக்கியின் தரைத் தகட்டில் தனியிடம் பார்த்தேன். துளைப்பதற்கு முன் வண்டியைத் தூக்கி அடியில் பெட்ரோல் டாங்க்கோ பிரேக் குழாயோ போகிறதா என்று பார்க்க வேண்டும். மேலிருந்து ஊகிக்கும் வேலை இல்லை இது. உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து உலோகம் பளபளக்கும்வரை எடுத்து, ஸ்டார் வாஷர் வைத்து லக்கை முடுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். எர்த் வயரும் அதே 8 கேஜ், அரை மீட்டருக்கும் குறைவான நீளம். சீட் பெல்ட் போல்ட்டைத் தூய்மை செய்து உரிய இறுக்கத்தில் திரும்ப முடுக்கினேன்.

இனி சிக்னல். இந்த ஆம்ப்ளிஃபயரிலேயே ஸ்பீக்கர் வயரை நேராக ஏற்கும் ஹை-லெவல் இன்புட் இருந்தது. கடையில் அதைத் தொடவே இல்லை. முதலில் செலவில்லாத அந்த வழியைப் பார்த்தேன். ஸ்பீக்கர் வயர்களை வெட்டவில்லை. செட்டுக்கும் வண்டியின் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் கப்ளர் பெரும்பாலான மாடல்களுக்குக் கிடைக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் மாடல் பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். வாரன்டி உள்ள வண்டியில் கம்பெனி வயரை வெட்டிவிட்டு, பிறகு சர்வீஸ் சென்டரில் வாதாடுவது வீண். பின்கதவு ஸ்பீக்கர்களின் வயரையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இந்த செட்டில் செல்போன் அழைப்புக் குரல் முன் ஸ்பீக்கர்களில் மட்டும் வருகிறது. சப்வூஃபர் அழைப்பில் உறுமாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. செட்டின் ஸ்பீக்கர் வயர் ஒவ்வொன்றையும் பாடியோடு சேர்த்து அளந்தால் டிசி 6.8 வோல்ட் வந்தது, இன்ஜின் ஓடும்போதைய மின்னழுத்தத்தில் சரிபாதி. நெகட்டிவ் என்று குறியிட்ட வயரிலும் அதே அளவு. அது எர்த் அல்ல. அதைப் பாடியில் தொடவிட்டால் செட்டின் உள்ளே இருக்கும் ஐசிக்கு ஆயுள் முடிந்தது. நல்ல ஹை-லெவல் இன்புட்டுகள் இந்த டிசியை உணர்ந்தே ஆம்ப்ளிஃபயரை எழுப்புகின்றன. செட் உயிர்பெற்ற பிறகுதான் ஆம்ப்ளிஃபயர் விழிக்கும்.

இணைத்தவுடன் அடியும் நின்றது, ஃபில்டர் 'ஃபுல்' நிலையில் இருந்தும் கொசுவும் ஓய்ந்தது. பேஸ் சரிவு மட்டும் அப்படியே. செட் வெட்டுவதை ஆம்ப்ளிஃபயரால் ஒட்ட முடியாது என்பதால் இது எதிர்பார்த்ததுதான்.

உரிமையாளரிடம் இரண்டு வழிகளைச் சொன்னேன். ஒன்று, ஆம்ப்ளிஃபயரோடு வந்த பேஸ் குமிழை ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, பைபாஸில் வால்யூமைக் கூட்டும்போது அதையும் கையால் கூட்டிக்கொள்வது. செலவில்லை, தொல்லை உண்டு. மற்றது, செட் வெட்டும் பேஸைத் திரும்ப ஏற்றித் தரும் கன்வர்ட்டர். ஆடியோ கண்ட்ரோல் நிறுவனத்தின் எல்சி2ஐ அந்த வகை. அதில் அக்யூபேஸ் என்ற சுற்று வால்யூம் ஏறும்போது இழந்த கீழ் ஒலிகளை மீட்கிறது. ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ரிமோட் அவுட்புட்டும் அதிலேயே இருக்கிறது. விலை கடையில் போட்ட பெட்டியைப் போலப் பல மடங்கு. பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு ஒதுக்கிய பணத்தில் அது அடங்கியதால் இரண்டாவதைத் தேர்ந்தார். அதை டாஷ்போர்டில் வைக்காமல் டிக்கியில் ஆம்ப்ளிஃபயரின் அருகே வைத்து, இரண்டுக்கும் ஒரே எர்த் புள்ளி கொடுத்தேன். நீண்ட தூரம் பயணிப்பது இப்போது வலுவான ஸ்பீக்கர் சிக்னல். ஆர்சிஏ வயர் அரை மீட்டர்தான்.

அளவு வைத்தல்

செட்டின் வால்யூம் எண்கள் 32 வரை. 26 வரை அலை சிதையாமல் வந்தது, அதற்கு மேல், அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் உச்சிகள் தட்டையாகின. ஆக 26 தான் இந்த செட்டின் எல்லை. உரிமையாளருக்கும் அதைச் சொல்லிவைத்தேன்.

பேஸ் பூஸ்ட் பூஜ்யம். லோ-பாஸ் 80 ஹெர்ட்ஸ். கெயினுக்குக் கணக்கு எளிது: 300 வாட், 2 ஓம்; இரண்டையும் பெருக்கினால் 600, அதன் வர்க்கமூலம் 24.5. சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, 26 இல் 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் 24 வோல்ட் வரும்வரை கெயினைத் திருகினேன். பாதிக்கும் கீழேயே வந்துவிட்டது. கெயின் சத்தம் கூட்டும் திருகு அல்ல, செட் அனுப்பும் அளவை ஆம்ப்ளிஃபயரின் அளவோடு பொருத்தும் திருகு. கடைசிவரை திருகினால் வருவது சிதைந்த அலையும் கருகிய காயிலும்தான்.

சப்வூஃபரும் கதவு ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் அசைகின்றனவா என்ற கட்டத்தை (ஃபேஸ்) பார்க்க ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சப்வூஃபர் வயரை ஒருமுறை நேராகவும் ஒருமுறை மாற்றியும் இணைத்து 80 ஹெர்ட்ஸைக் கேட்டேன். மாற்றி இணைத்தபோது ஒலி தெளிவாகக் கூடியது, அப்படியே விட்டேன்.

அதே முழுச் சுமையில் மறுபடி அளந்தால், பேட்டரியில் 13.9, ஆம்ப்ளிஃபயரில் 13.6. எர்த் பக்க இழப்பு 0.05 வோல்ட். 24 வால்யூமில் கன்வர்ட்டரின் வெளியீட்டில் 50 ஹெர்ட்ஸும் 200 ஹெர்ட்ஸும் இரண்டு டெசிபல் வித்தியாசத்துக்குள் வந்தன.

இதே வேலையைப் புதிய வண்டிகளில் செய்யப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில மாடல்களில் இன்ஜின் உறுமலைக் குறைக்கக் கூரையில் மைக் வைத்திருப்பார்கள். டிக்கியிலிருந்து வரும் பேஸையும் அது உறுமல் என்று எண்ணி எதிர் ஒலியை எழுப்பி, வண்டி முழுக்க 'பூம்' என்று ஒரு ஓலம் வரும். அந்த ஏற்பாட்டைத் துண்டித்தால்தான் சப்வூஃபர் சீராகப் பாடும். இந்த வண்டியில் அந்தத் தொல்லை இல்லை.

மிஞ்சிய ஒரே குறை, 45 ஹெர்ட்ஸை ஒட்டி டிக்கிக் கதவின் நம்பர் பிளேட் கடகடத்தது. பின்னால் நுரை டேப் ஒட்டியதும் அடங்கியது. வண்டியை எடுக்க வந்தவர் பைபாஸ்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இன்னொரு சப்வூஃபர் சேர்க்கலாமா என்று கேட்டார். ஏசி, ஹெட்லைட், பாட்டு மூன்றும் ஓடும்போது ஐட்லிங்கில் 13.4 வோல்ட் நின்றதைக் காட்டி, இந்த ஆல்டர்னேட்டருக்கு இதுவே போதுமான சுமை என்றேன்.